வரத்துக்கால் மேல் பந்தி

அரசாங்கத் தணிக்கையில் தலை நரைக்கும்வரை வேலை பார்த்தவள் நான். தணிக்கை என்றாலே வெளியில் இருப்பவர்களுக்கு ஒரு பயம் கலந்த மரியாதை. அடப் போங்க! திருடியவனிடமே போய் "இந்தச் செலவுக்கு விளக்கம் தரவும்" என்று கேட்பதும், அவன் தரும் விளக்கத்துக்குக் கீழே "ஏற்கத்தக்கதாக இல்லை" என்று எழுதி அவனிடமே திருப்பி அனுப்புவதும்தான் எங்கள் உத்தியோகம். நாங்கள் எழுதும் ஆட்சேபணைக்குப் பத்தி என்று பெயர். ஒரு பத்தி இப்படியே வருஷக்கணக்கில் போகும், வரும். அதற்குள் திருடியவர் பதவி உயர்வில் வேறு மாவட்டம் போய்விடுவார். இப்படி அலைந்து முடிந்த பிறகு, சில பத்திகள் மட்டும் சட்டமன்றத்தின் கணக்குக் குழுவுக்குப் போகும். மக்கள் பணத்துக்கு மக்கள் பிரதிநிதிகளே நேரில் கணக்குக் கேட்கிற இடம். கேட்பார்கள் என்று நானும் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

நான் சொல்லப் போகிற பத்தி ஒரு வாய்க்காலைப் பற்றியது. காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் நடுவில், மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி ஒரு கிராமம். அங்கே போர் போட்டால் வருவது உப்புத் தண்ணீர். அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது. குடிக்கவும் சமைக்கவும் ஊருக்கு இருந்தது ஒரு ஊருணிதான். மழை பெய்தால் கண்மாய்ப் பக்கத்திலிருந்து ஒரு வரத்துக்கால் வழியாக ஊருணிக்குத் தண்ணீர் வரும். அந்த வரத்துக்காலைத் தூர்வாரி, இரண்டு பக்கமும் கல் கட்டியதாக ஊராட்சி ஒன்றிய அலுவலகம் கணக்கு எழுதியிருந்தது. ரசீது சரி, கையெழுத்து சரி, அளவு சரி. வாய்க்காலை மட்டும் காணோம்.

காணோம் என்பதை நான் கண்டுபிடித்தது என் கெட்டிக்காரத்தனத்தால் இல்லை. தணிக்கைக்காரர்கள் பொதுவாக மேஜையை விட்டு எழுந்திருப்பதில்லை. மின்விசிறி, காப்பி, இரண்டு மணிக்குச் சாப்பாடு. பார்க்க வேண்டியது வாய்க்கால் என்றாலும் ரசீதைத்தான் பார்ப்போம். அன்றைக்கு அந்த ஒன்றிய அலுவலகத்தில் கரண்ட் இல்லை. உட்கார முடியாத புழுக்கம். சரி, போய்த்தான் பார்ப்போமே என்று பஸ் ஏறிப் போனேன்.

வரைபடத்தில் வரத்துக்கால் இருந்த இடத்தில் பச்சைப் பசேலென்று புல்தரை. நடுவில் வெளிநாட்டுக்காரர்கள் சாய்ந்து படுக்கிற நாற்காலிகள். பக்கத்தில் இருந்த பழைய பெரிய வீட்டை யாரோ வெளியூர்க் கம்பெனிக்காரர்கள் குத்தகைக்கு எடுத்து விடுதியாக மாற்றியிருந்தார்கள். வீட்டைக் கட்டியவர்கள் வரத்துக்காலுக்கு வழி விட்டு, தாண்டிப் போக ஒரு கல் பாலமும் போட்டுத்தான் கட்டியிருக்கிறார்கள். குத்தகைக்காரர்கள் மண்ணைக் கொட்டி நிரவி, வாய்க்காலை மூடி, மேலே புல் போட்டுவிட்டார்கள். பாலம் மட்டும் புல்லுக்கு நடுவே நின்றது. அதன்மேல் பூந்தொட்டிகள். விருந்தாளிகள் அதில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்களாம்.

"பாத்தீகளாம்மா, எங்க வாய்க்கா எம்புட்டு அழகா இருக்குன்னு?" என்று பின்னால் ஒரு குரல் கேட்டது. திரும்பினால் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு ஒரு பெண் நிற்கிறார். அந்த ஊர் வார்டு உறுப்பினர். என்னைவிட மூத்தவர், விவசாயக் குடும்பம், வாயைத் திறந்தால் தெரு முழுக்கக் கேட்கும். நான் யார் என்று சொன்னதும் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"தணிக்கையா? எழுதுவீகளா, எழுதுற மாதிரி எழுதிட்டுப் போயிருவீகளா?"

சுருக்கென்றது. எழுதுகிறேன் அக்கா என்றேன். எழுதினேன். தூர்வாராத வாய்க்காலுக்குத் தூர்வாரியதாகச் செலவு, வாய்க்கால் இருந்த இடம் தனியாரின் புல்தரை என்று ஒளிவுமறைவில்லாமல் எழுதினேன். பதிலுக்கு ஒன்றிய அலுவலகம் ஒரு போட்டோ அனுப்பியது. அழகான வாய்க்கால், இரண்டு பக்கமும் கல், ஓரத்தில் வரிசையாகப் பாக்கு மரம். எங்கள் சீமையில் பாக்கு மரத் தோப்பு எங்கே இருக்கிறது? பொள்ளாச்சிப் பக்கமோ எங்கேயோ எடுத்த படம். பொய் சொல்வதில்கூடச் சோம்பேறித்தனம்! ஏற்கத்தக்கதாக இல்லை என்று எழுதினேன். மறுபடி விளக்கம் வந்தது, மறுபடி எழுதினேன். வார்டு உறுப்பினர் அக்கா நடுநடுவே போன் பண்ணுவார். "எங்கம்மா இருக்கு நம்ம பத்தி?" என்று, வெளியூருக்குப் படிக்கப் போன பிள்ளையைக் கேட்பதுபோலக் கேட்பார்.

இப்படிக் கிடந்த பத்தியைத்தான் ஒரு வருஷம் கணக்குக் குழு எடுத்தது. எடுத்ததோடு இல்லை, நேரில் வந்து பார்க்கப் போவதாகவும் சொல்லிவிட்டது. அக்காவுக்குப் போனில் சொன்னேன்.

"நெசமாவா? சட்டசபையே வருதாக்கும்?" என்றார். அப்புறம் குரலைத் தணித்துக்கொண்டு ஒரு விஷயம் சொன்னார். தெருவில் இளவட்டங்கள் கடப்பாரையோடு தயாராக இருந்திருக்கிறார்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் புல்தரையைப் பிளந்து வாய்க்காலைத் திறந்துவிடுவது என்று முடிவு. இந்த மழையும் போனால் இன்னொரு வருஷத்துக்கு ஊருணி காய்ந்து கிடக்கும், தண்ணி லாரிக்குக் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். அக்காதான் அவர்களைத் தடுத்திருக்கிறார். "நம்ம எதுக்குடா கேசு வாங்கணும்? சட்டசபையே வந்து பாக்கப் போவுது, அவுகளே தொறக்கச் சொல்லுவாக. எம்மேல நம்பிக்கை இருந்தா கடப்பாரையைக் கீழ வைங்க" என்று சொல்லியிருக்கிறார். வைத்துவிட்டார்கள். அந்த நிமிஷத்திலிருந்து மழை, ஊருணி, தெருவில் அவருடைய சொல் எல்லாம் அந்தக் குழுவின் கையில் இருந்தது.

குழு வருவதற்கு முன் ரோட்டுக்கு இரண்டு பக்கமும் பிளீச்சிங் பவுடர் கோடு போட்டார்கள். எங்கிருந்தோ மரக்கன்றுகளைக் கொண்டுவந்து நட்டார்கள். வேரோடு இருந்ததா என்று நான் பார்க்கவில்லை. எனக்கும் நிகழ்ச்சி நிரல் ஒன்று வந்தது. வருகை, வரவேற்பு, மதிய உணவு, பிறகு கள ஆய்வு. மதிய உணவு நடக்கும் இடம் அதே விடுதி.

இதில் என்ன இருக்கிறது என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. பெண் கேட்டுப் போனாலும் சரி, பங்காளித் தகராறு பேசப் போனாலும் சரி, பேச்சு முடியாமல் அந்த வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். கை நனைத்துவிட்டால் அந்த வீட்டோடு இணங்கியாயிற்று என்று அர்த்தம். அப்புறம் எதிர்த்துப் பேச வாய் வராது, பேசினாலும் சபையில் எடுபடாது. சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த சங்கதி. நிரல் போட்ட ஒன்றிய அதிகாரி உள்ளூர்க்காரர். அவருக்குத் தெரியாமலா சாப்பாட்டை முன்னால் வைத்தார்? "சார், முதலில் இடத்தைப் பார்த்துவிட்டுச் சாப்பிடலாமே" என்று கேட்டுப் பார்த்தேன். "மேடம், பசியோட பாத்தா அவுகளுக்குக் கோபம் வரும். வயிறு நெறஞ்சு பாத்தா எல்லாம் நல்லாத் தெரியும்" என்று சிரித்தார். சத்தியமான வார்த்தை.

குழு வந்தது. கார் கதவுகள் சாத்துகிற சத்தமே ஐந்து நிமிஷம் கேட்டது. பந்தல் போட்டு, நாற்காலி மேஜை விரித்து, வாழை இலை போட்டுப் பந்தி தயாராக இருந்தது. எங்கே என்கிறீர்கள்? அந்தப் புல்தரையில். கல் பாலத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், மூடிய வாய்க்காலின் நீளத்துக்கே மேஜை போட்டிருந்தார்கள். எந்த வாய்க்கால் இருக்கிறதா இல்லையா என்று பார்க்க வந்தார்களோ, அதன் மேலேயே உட்கார்ந்து இலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டார்கள்.

பந்தி என்றால் பந்தி! கவுனி அரிசி, வெள்ளைப் பணியாரம், கோழி, நண்டு, காடை. ஆளுங்கட்சிக்காரரும் எதிர்க்கட்சிக்காரரும் சட்டமன்றத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டார்கள். இங்கே ஒருவர் இலைக்கு இன்னொருவர் காடையைத் தள்ளிவிட்டார். எதிர்க்க வேண்டும் என்று அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் இலை போட்டிருந்தார்கள். நான் கொண்டுபோன தயிர்சாதத்தை அலுவலக ஜீப்பில் உட்கார்ந்து சாப்பிட்டேன். இதில் பெருமை ஒன்றும் இல்லை, எனக்குக் காடை ஆகாது.

அக்கா வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் நின்றார். நல்ல சேலை கட்டி, தலை சீவி, பூ வைத்து வந்திருந்தார். விடுதி மானேஜர் ஓடிவந்து கும்பிட்டு, உட்காரச் சொல்லி வருந்தி வருந்தி அழைத்தார். அக்கா நகரவில்லை. குழுத் தலைவரே பார்த்துவிட்டார். "யாரும்மா அது, வெயில்ல நிக்கிறது? வந்து சாப்பிடும்மா" என்றார், வாயில் பணியாரத்தோடு.

"பேச்சு முடியாம கை நனைக்கிறதில்லைங்கய்யா. மொத வாய்க்காலைப் பாத்துருங்க."

பந்தியில் இரண்டு பேர் கை இலையிலேயே நின்றது. அவர்கள் எங்கள் பக்கத்து ஆட்கள், அந்த வார்த்தையின் கனம் தெரிந்தவர்கள். ஒரு கணம்தான். பிறகு நண்டை உடைக்கிற சத்தம் மறுபடி கேட்டது. தலைவர் அக்காவைப் பெருந்தன்மையாகப் பார்த்து, "பாத்துருவோம், பாத்துருவோம்" என்றார்.

கை கழுவி, வெற்றிலை போட்டு, சால்வை போர்த்தி முடிந்தது. அப்போதுதான் தலைவருக்கு ஞாபகம் வந்தது. "அந்தக் கால்வாய் எங்கேப்பா?" என்று கேட்டார். நான் கோப்பை எடுத்துக்கொண்டு முன்னால் போனேன். அதற்குள் ஒன்றிய அதிகாரி குனிந்து, "ஐயா நிக்கிறதே அது மேலதானுங்கய்யா. அடியில குழாய் பதிச்சு விட்டுருக்கு. மேல சும்மா அழகுக்குப் புல்லு" என்றார்.

தலைவர் குனிந்து பார்த்தார். செருப்புக் காலால் புல்லை இரண்டு தட்டுத் தட்டினார். "கெட்டியா இருக்கே! வேலை நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க" என்றார். மற்றவர்களும் தட்டிப் பார்த்தார்கள். இவர்கள்தான் மக்கள் பணத்தைக் கண்கொத்திப் பாம்பாகக் காக்கிறவர்கள்!

"குழாயே கிடையாது சார், தோண்டிப் பாருங்கள்" என்றேன். என் குரல் எனக்கே கீச்சென்று கேட்டது. தலைவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. கல்யாண வீட்டில் இழவுச் சேதி சொன்னவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "சாப்பிட்டீங்களாம்மா?" என்று கேட்டார். அவ்வளவுதான். அரியக்குடியில் பெருமாள் தரிசனம் நிரலில் இருந்தது, சாயங்கால நடை திறக்கும்போது அங்கே இருக்க வேண்டுமாம். கார்கள் கிளம்பிப் போய்விட்டன. ஊருணிப் பக்கம் ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அக்கா கேட்டிலேயே நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் போனேன்.

"விடுங்கம்மா. கை நனைச்சுட்டாக. இனி அவுக என்ன நியாயம் பேசுறது?" என்றார். வைத்திருந்த பூ வாடியிருந்தது. தெருவுக்கு எந்த முகத்தோடு போவார் என்று நினைத்தபோது எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதைவிட ஆத்திரம் அதிகமாக வந்தது.

குழுவின் அறிக்கையும் வந்தது. கால்வாய் நல்ல முறையில் பராமரிக்கப்பட்டு, தடையின்றி நீர் செல்லும் நிலையில் இருப்பதைக் குழு நேரில் கண்டு திருப்தி அடைந்ததாம். பத்தி கைவிடப்பட்டது. போன் பண்ணி அக்காவிடம் சொன்னேன்.

"மேல என்னம்மா?"

"மேல ஒன்றும் இல்லைக்கா. இதற்கு மேல் சட்டமன்றம்தான். அது வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது."

"சரி" என்று வைத்துவிட்டார்.

அந்த வாரமே, பட்டப்பகலில், அவரே முதல் ஆளாகக் கடப்பாரையைப் போட்டார். தெரு முழுக்கப் பின்னால் போனது. புல்தரையைக் கீறி, மண்ணை அள்ளி, பாலத்துக்கு அடியில் கிடந்த குப்பையை இழுத்துப் போட்டு, ஒரே நாளில் வாய்க்காலைத் திறந்துவிட்டார்கள். குழாய் கிழாய் ஒரு மண்ணாங்கட்டியும் இல்லை. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஊருணியில் தண்ணீர் ஏறுகிற படத்தை அக்காவின் மகள் எனக்கு வாட்ஸாப்பில் அனுப்பினாள். அதை எத்தனை தடவை பார்த்தேன் என்று எனக்கே தெரியாது.

விடுதிக்காரர்கள் போலீசுக்குப் போனார்கள், எங்கள் புல்தரையை நாசம் பண்ணிவிட்டார்கள் என்று. ஆனால் அவர்களை முந்திக்கொண்டு ஒன்றிய அலுவலகமே ஒரு புகார் கொடுத்தது. புல்தரைக்காக இல்லை. நல்ல முறையில் ஓடிக்கொண்டிருந்த அரசுக் கால்வாயை வார்டு உறுப்பினர் சேதப்படுத்திவிட்டார் என்று! ஆத்தாடி, என்ன மூளை! சேதம் என்று எழுதினால்தானே பழுதுபார்க்க மறுபடி ஒரு மதிப்பீடு போடலாம்? இல்லாத வாய்க்காலை ஒரு தடவை தின்றது போதவில்லை. ஆதாரத்துக்குக் குழுவின் அறிக்கையையே இணைத்துவிட்டார்கள்.

ஒன்றிய அலுவலகத்தின் புகார் வழக்காகிக் கோர்ட்டுக்கு வந்த அன்று நானும் போனேன். அக்காவின் வக்கீல் என்னைச் சாட்சியாகக் கூப்பிட்டிருந்தார். போகாதே என்று என் மேலதிகாரி ஜாடையாகச் சொன்னார். போனால் என்ன ஆகும் என்று தெரிந்தேதான் போனேன். இவ்வளவு வருஷம் கோப்பில் எழுதிய உண்மையை ஒரு தடவையாவது வாயால் சொல்ல வேண்டும் என்று எனக்கு வெறி.

வராந்தாவில் வைத்து வக்கீல் விளக்கினார். சின்னப் பையன்தான், ஆனால் கெட்டிக்காரர். "மேடம் வந்து அங்க இருந்தது வெறும் புல்தரை, கால்வாயே கிடையாதுன்னு சொன்னாப் போதும்க்கா. இல்லாத கால்வாயை எப்படிச் சேதப்படுத்த முடியும்? உங்களை இன்னைக்கே விடுதலை பண்ணிருவாங்க."

அக்கா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். துடைத்த கை பாதியில் நின்றது.

"கால்வாயே இல்லைன்னு கோர்ட்டு சொல்லிருச்சுன்னா, நாளைக்கு அந்த விடுதிக்காரன் வந்து மூடுவானே தம்பி. அப்ப யாரு கேக்குறது?"

வக்கீலுக்கும் எனக்கும் அதுவரை அது தோன்றவே இல்லை.

"நான் சேதப்படுத்துனேன்னு ஒத்துக்கிட்டா?"

"தண்டனை கொடுப்பாங்கக்கா. உங்க பேர்ல குற்றம்னு பதிவாகும். அடுத்த தேர்தல்ல நின்னா அதை வச்சே உங்களை அசிங்கப்படுத்துவாங்க."

"அது கெடக்கட்டும். அங்க கால்வாய் இருக்குன்னு எழுதுவாகளா, மாட்டாகளா?"

"எழுதித்தானே ஆகணும்" என்றார் வக்கீல் மெதுவாக.

அக்கா என் பக்கம் திரும்பி என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க எழுதுனது அம்புட்டும் நெசந்தாம்மா. ஆனா இன்னைக்கு மட்டும் வாயைத் தொறந்துறாதீக" என்றார்.

உள்ளே கூப்பிட்டார்கள். அரசு வக்கீல் குழுவின் அறிக்கையை எடுத்து, கால்வாய் இருக்கிறது, நல்ல நிலையில் இருந்தது, சட்டமன்றக் குழுவே நேரில் பார்த்தது என்று மணிமணியாகப் படித்தார். பின் பெஞ்சில் இருந்த விடுதி மானேஜர் அப்போதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தார். நடுவர் அக்காவைப் பார்த்து, குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்டார்.

"ஒத்துக்கிறேங்கய்யா. அரசாங்கக் கால்வாயை நாந்தான் ஒடச்சேன். எடத்தையும் சரியா எழுதிக்கிடச் சொல்லுங்க. கண்மாய்க்கு இங்குட்டு, விடுதிச் சமையக்கட்டுக்கு அங்குட்டு, அந்தக் கல் பாலத்துக்கு அடியில போற கால்வாய்."

மானேஜர் எழுந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். அரசு வக்கீலே அவரை உட்காரச் சொல்லிக் கையமர்த்தினார். இல்லை என்று சொன்னால் சட்டமன்றக் குழு பொய் சொன்னதாகிவிடும் அல்லவா? நடுவர் எழுதினார். அபராதம், கோர்ட் கலையும்வரை நிறுத்தி வைத்தல். செய்யாத வேலைக்குப் பணம் எடுத்தவன், வாய்க்காலை மூடியவன், அதன்மேல் உட்கார்ந்து தின்றுவிட்டுப் போனவர்கள் எல்லோரும் அவரவர் நாற்காலியில் இருக்கிறார்கள். இந்த விவகாரம் முழுவதிலும் குற்றவாளி என்று தீர்ப்பானது ஒரே ஒரு ஆள்.

சாயங்காலம் வரைக்கும் அக்கா கோர்ட்டுக்குள் வாசலை ஒட்டிய சுவரோரமாக நின்றார். நான் வாசலுக்கு வெளியே நின்றேன். சொல்ல வந்த உண்மையைக் கடைசிவரை சொல்லவில்லை. நடுவில் ஒரு தரம் அவர் என்னைப் பார்த்து, காவலர் காதில் விழாதபடி, "ஏம்மா, இனி மூட முடியாதுல்ல?" என்று கேட்டார்.

முடியாது அக்கா என்றேன்.